கூண்டுக்குள் முடியும் பந்தயம்

தலைவர் அவர்களே, புறா வளர்ப்பில் நீண்ட அனுபவம் கொண்ட பெரியவர்களே, இவ்வாண்டுதான் முதன்முதலாக ஹோமர் என்ற பந்தயப் புறா ஜோடி வாங்கியிருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

பந்தயப் புறாவைப் பற்றிப் பேச வருகிறவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, முன்பின் பார்த்திராத ஊரில் திறந்துவிடப்பட்ட பறவை வீட்டுக்கு வழி காண்பது எப்படி என்பதுதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பந்தயத்தின் விதியைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும்; இனவிருத்தி, தீனி, பயிற்சி மூன்றும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டவை. எல்லாப் பறவைகளும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் திறந்துவிடப்படுகின்றன. ஒவ்வொன்றும் தன்தன் கூண்டுக்குத் திரும்புவதால் பறக்கும் தூரம் ஒவ்வொன்றுக்கும் வேறுபடுகிறது. ஆகவே திறந்துவிட்ட இடத்துக்கும் கூண்டுக்கும் உள்ள நேர்த்தூரத்தை, பறவை எடுத்துக்கொண்ட நிமிடங்களால் வகுத்து, நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்று வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். பறவை நம் தலைக்கு மேலே தெரிந்துவிட்டதால் கடிகாரம் நின்றுவிடாது. அது உள்ளே நுழைந்து, அதன் கால் வளையம் பதிவான பிறகுதான் நேரம் முடிகிறது.

விஜயவாடாவிலிருந்து சென்னைக்கு நேர்த்தூரம் ஏறத்தாழ 380 கிலோமீட்டர். நிமிடத்துக்கு 1200 மீட்டர் வீதம் வரும் பறவை அதை ஐந்தேகால் மணி நேரத்தில் கடந்துவிடும். அதே பறவை எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின்மேல் இரண்டே நிமிடம் உட்கார்ந்துவிட்டு இறங்கினால், அதன் வேகம் 1192 என்றுதான் பதிவாகும். பரிசைத் தீர்மானிக்க அந்த எட்டு மீட்டர் போதும். பறவை விரைந்து வர விரும்புவதற்கும், வந்தவுடன் தயங்காமல் நுழைவதற்கும் காரணம் உண்டாக்கித் தருவதே வளர்ப்பவரின் வேலை. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

சென்னையில் புறா விளையாட்டு ஒன்றல்ல. கர்ணப்புறாவும் சாதாப்புறாவும் தம் வீட்டுக்கு மேலேயே மணிக்கணக்கில் பறக்கவிடப்படுபவை. அவற்றின் கலை வேறு, அதை இங்கே நான் தொடவில்லை. ஹோமர் என்பது மாடப்புறாவின் வழிவந்த பறவை. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில், ஆண்ட்வெர்ப், லியேஜ் நகரங்களைச் சுற்றி, பல இனங்களைக் கலந்து உருவாக்கப்பட்டது. அந்நாட்டின் நியூ கிம் என்ற இரண்டு வயதுப் பெட்டை 2020 நவம்பரில் 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. இப்படிப்பட்ட விலைகளைக் கேட்டுக் கேட்டு, நம்மவர் பேச்சிலும் வம்சமும் பரம்பரைச் சீட்டுமே மிகுந்துவிட்டன. வம்சம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஜோடியை மறுபடி சேர்ப்பதா, பிரிப்பதா என்ற கேள்விக்கு, அதன் குஞ்சுகளில் எத்தனை பறவைகள் கடினமான நாளில் வீடு திரும்பின என்ற கணக்குதான் நம்பத்தக்க விடை தரும் என்கிறேன். அந்தக் கணக்கை எழுதிவைக்காதவர் எவ்வளவு விலைகொடுத்து வாங்கினாலும், அடுத்த தலைமுறைக்கு எதைக் கொண்டுபோவது என்று அவருக்குத் தெரியாது.

பெட்டை முதல் முட்டையை மாலையில் இடும். இரண்டாவது ஏறத்தாழ 44 மணி நேரம் கழித்து வரும். இரண்டாவது முட்டை வந்த பிறகே முழு அடை தொடங்குவதால் இரண்டு குஞ்சுகளும் அநேகமாகச் சேர்ந்தே பொரிகின்றன. அடைக்காலம் 17 முதல் 18 நாள். காலை நடுப்பொழுதிலிருந்து பிற்பகல் வரை ஆணும், மற்ற நேரமெல்லாம் பெட்டையும் அடைகாக்கும். குஞ்சு பொரியும் தறுவாயில் தாய், தந்தை இரண்டின் தீனிப்பையிலும் புறாப்பால் சுரக்கிறது. அதைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற இயக்குநீரை 1930களில் ஆஸ்கர் ரிடில் என்ற அமெரிக்க அறிவியலாளர் ஆராய்ந்ததும் புறாக்களைக் கொண்டுதான். முதல் சில நாள்களுக்குக் குஞ்சின் உணவு இந்தப் பால் மட்டுமே. பிறகு ஊறிய தானியம் மெல்ல மெல்லச் சேர்கிறது. இந்த வாரத்தில் பெற்றோரின் தீனியில் பயறு குறைந்தால், அந்தக் குறை குஞ்சின் எலும்பில் தங்கிவிடும். பின்னால் எதைக் கொட்டினாலும் ஈடாகாது. மூட்டில்லாத கால் வளையத்தை ஐந்தாம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் இடையே மாட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு பாதம் பருத்துவிடும்.

இனி தீனி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசுவேன். நம் கூண்டுகளில் மிகுந்த பிழை நடப்பது இங்கேதான். வளர்ந்த ஹோமருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம் தானியம் போதும். கிண்ணம் நிறையக் கொட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போகிறவரின் பறவை, விருப்பமானதைப் பொறுக்கித் தின்று, மற்றதைச் சிதறி, மாலையில் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்காது. நம் கடைகளில் கிடைக்கும் கம்பு, சோளம், மக்காச்சோளம், கோதுமை, பச்சைப்பயறு, பட்டாணி, கொண்டைக்கடலை, குசும்பா என்ற எண்ணெய் விதை ஆகியவற்றைக் கொண்டே எல்லாப் பருவத்துக்கும் கலவை செய்துகொள்ளலாம். குஞ்சு வளர்க்கும்போதும் இறகு உதிர்க்கும்போதும் புரதம் வேண்டும். அப்போது பயறு வகை மேலோங்கட்டும். பறக்கும் பருவத்தில் அதைக் குறைத்துத் தானியத்தைக் கூட்ட வேண்டும். நெடுந்தூரம் பறக்கும் புறாவின் மார்புத்தசை முக்கியமாக எரிப்பது கொழுப்பை. எனவே நெல்லூர் போன்ற குறுந்தூரத்துக்குக் கோதுமையும் கம்பும் மிகுந்த இலேசான தீனியே போதுமானது. பல்லார்ஷா, நாகபுரி போன்ற தொலைவுக்கு அனுப்பும் பறவைக்குப் பயணக் கூடையில் ஏறுவதற்கு முந்தைய நாள்களில் மக்காச்சோளத்தையும் குசும்பாவையும் ஏற்றி, சில நிலக்கடலைப் பருப்புகளையும் சேர்க்க வேண்டும். இதை மாற்றிச் செய்து, வாரம் முழுவதும் கடலை கொடுத்துப் பறவையைக் கனக்கவைத்து, பிறகு 'இந்த வம்சம் சரியில்லை' என்பவர்கள் உண்டு.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாக்கில் கிடக்கும் மக்காச்சோளமும் நிலக்கடலையும் எளிதில் பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கிறது. கையில் அள்ளி முகர்ந்தால் புழுங்கிய வாசம் வரும் தானியத்தைக் காசைப் பார்க்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள். பற்களற்ற பறவைக்கு அரைவையில் மணலும் சிறுகல்லும் உதவுகின்றன. முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். இடித்த கிளிஞ்சல், செங்கல் தூள், அடுப்புக்கரி, சிறிது உப்பு ஆகிய கலவையை எப்போதும் வைத்திருப்பது நல்லது. எவ்வளவு தீனி போடுவது என்று கேட்பவர்களுக்குப் பழைய ஆட்கள் சொல்லும் வழி தராசைவிட எளியது. கையால் சிறிது சிறிதாகப் போடுங்கள். முதல் பறவை தீனியை விட்டுத் தண்ணீருக்கு நகர்ந்ததும் நிறுத்திவிடுங்கள்.

நோய்களைச் சுருக்கமாகவே சொல்லிக் கடக்கிறேன். இராணிக்கேத் போன்ற நச்சுயிரி நோய்க்கும் அம்மைக்கும் தடுப்பூசி உண்டு. கால்நடை மருத்துவரைக் கேட்டு, பந்தயப் பருவம் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். கூண்டுத் தூசி உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது. கூட்டும்போது முகக்கவசம் அணியுங்கள்.

பயிற்சி முதல் தீனியிலிருந்தே தொடங்குகிறது. ஏறத்தாழ நான்கு வாரத்தில் பெற்றோரிடமிருந்து பிரித்த குஞ்சுகளை, மாடியில் கம்பிக்கூட்டுக்குள் வைத்துச் சுற்றுப்புறத்தைப் பார்க்கவிட வேண்டும். தீனி போடும்போதெல்லாம் ஒரே விசில் ஊதுங்கள், அல்லது ஒரே தகர டப்பாவைக் குலுக்குங்கள். திறந்துவிடுவது எப்போதும் மாலைத் தீனிக்கு முன்பாக இருக்கட்டும். அரைப்பசியோடு பறந்த குஞ்சு ஒலி கேட்டதும் இறங்கும், இறங்கியதும் நுழையும். சில வாரங்களில் அவை கூட்டமாகக் கண்ணுக்கு மறைந்து நெடுநேரம் சுற்றி வரத் தொடங்கும். அதற்குப் பிறகே கூடையைக் கையில் எடுக்கலாம்.

சென்னைக்காரர்களின் பாதை வடக்கு இரயில் பாதை. மீஞ்சூர் ஏறத்தாழ 22 கிலோமீட்டர், கும்மிடிப்பூண்டி 40, சூளூர்ப்பேட்டை 75, கூடூர் 125, நெல்லூர் 155 என்று தூரம் படிப்படியாகக் கூடும். ஒவ்வோர் இடத்திலும் ஓரிரு முறையாவது தனித்தனியாகத் திறந்துவிட வேண்டும் என்பது என் கருத்து. கூட்டத்தில் பறக்கும் பறவை முன்னே போவதன் வாலைப் பார்த்தே வீடு சேர்ந்துவிடும், தானாக எதையும் கற்றுக்கொள்ளாது.

வழி காணும் கேள்வி இங்கேதான் வருகிறது. புறா சூரியனைத் திசைகாட்டியாகப் பயன்படுத்துவதை 1950களில் குஸ்தாவ் கிராமர் என்ற ஆய்வாளர் காட்டினார். காந்தம் கட்டப்பட்ட புறாக்கள் வெயில் நாளில் சரியாகத் திரும்பியதையும், மேகமூட்டத்தில் தடுமாறியதையும் 1971இல் வில்லியம் கீட்டன் வெளியிட்டார். இத்தாலியின் பீசா நகரில் ஃபுளோரியானோ பாப்பியின் குழு, மோப்பம் தடைபட்ட புறாக்கள் பழகாத இடத்திலிருந்து திரும்பத் திணறுவதைக் கண்டது. பழகிய நிலப்பரப்பில் அவை நெடுஞ்சாலைகளையே பின்பற்றிப் பறப்பதை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இவற்றுள் எது முதன்மை என்ற வாதம் ஓயவில்லை. நமக்கு வேண்டிய முடிவோ தெளிவானது: பறவைக்குப் பல சாதனங்கள் இருக்கின்றன, அவற்றுள் ஒன்றையும் நாம் மறைக்கக் கூடாது. மூடுபனியிலும் மழையிலும் திறந்துவிடாதீர்கள். போகிப் புகை நகரத்தை மூடியிருக்கும் காலையில் கூடையைத் தொடவே வேண்டாம். 1997 ஜூனில் பிரான்சின் நாந்த் நகரிலிருந்து இங்கிலாந்துக்கு ஏறத்தாழ 60,000 புறாக்கள் திறந்துவிடப்பட்டு, மிகப் பல திரும்பாமலே போயின. ஒலியைவிட வேகமாகப் பறந்த காங்கார்டு விமானத்தின் அதிர்வலை அவற்றைக் குழப்பியிருக்கலாம் என்று ஓர் ஆய்வாளர் கருதினார். அனுபவமிக்க நாட்டிலேயே இப்படி நடக்குமென்றால் நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்! பட்டத்தின் மாஞ்சா நூலையும் பைரி என்ற வேட்டைப் பறவையையும் நம்மால் முழுமையாகத் தவிர்க்க முடியாது. வானிலை பார்ப்பது நம் கையில் இருக்கிறது.

பெல்ஜியத்தில் ஆண்களைப் பெட்டைகளிடமிருந்து பிரித்துவைத்து, பந்தயத்துக்கு அனுப்புமுன் சற்று நேரம் மட்டும் காட்டி, ஏக்கத்தோடு அனுப்புகிறார்கள். சிறிய மாடிக்கூண்டு வைத்திருப்பவருக்கு அது எளிதன்று. அடைகாத்துச் சில நாள்கள் ஆன முட்டையின்மேலோ சின்னஞ்சிறு குஞ்சின்மேலோ இருக்கும் பறவையைத் தேர்ந்து அனுப்பும் இயற்கை முறையே நமக்கு ஏற்றது. ஓராண்டு நிறையாத பறவையை ஏறத்தாழ 900 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகபுரியிலிருந்து பறக்கவிடுவதை மட்டும் நான் எந்த முறையிலும் ஏற்க மாட்டேன். உரம் ஏறாத உடம்பைப் பரிசுக்காகப் பணயம் வைப்பது அது.

திரும்பி வந்த பறவையின் கவனிப்பையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வெல்லம் கரைத்த தண்ணீர். பிறகு கோதுமையும் அரிசியும் கலந்த இலேசான தீனி, அதுவும் கொஞ்சமாக. பயறு அடுத்த நாள். மறுநாள் வெயில் ஏறியதும் குளிக்க அகன்ற தொட்டியில் தண்ணீர் வையுங்கள். கையில் எடுத்துப் பாருங்கள்: மார்பெலும்பு கத்தி முனையாகத் தட்டுப்பட்டால், அந்தப் பறவை எத்தனையாவதாக வந்திருந்தாலும், சதை மறுபடி நிறையும் வரை அதைக் கூடையில் ஏற்றாதீர்கள். இரண்டு மூன்று நாள் தாமதித்து வந்ததைச் சினந்து கழித்துவிடவும் வேண்டாம். இறகு, கால், அலகு மூன்றையும் பார்த்து, நூல் அறுத்த தழும்போ பைரியின் நகக்கீறலோ இருந்தால் ஏட்டில் அதன் வளைய எண்ணுக்கு எதிரே எழுதிவையுங்கள். அடுத்த பருவத்தில் ஜோடி சேர்க்கும்போது அந்த வரி உங்களுக்குத் தேவைப்படும்.