காதுக்கு ஒன்று, கண்ணுக்கு இரண்டு

வணக்கம். இப்போது 'நைட்' என்று ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்கிறேன். உங்களுக்கு இரவு நினைவுக்கு வந்திருக்கும். நான் சொன்னதோ குதிரையேறிப் போர் செய்த அந்தக் கால ஐரோப்பிய வீரனை. வானொலியில் எழுதிக் காட்ட வழியில்லை, நீங்கள் என்னை நம்பித்தான் ஆக வேண்டும். வீரனுக்கு முன்னால் ஒரு 'கே' நிற்கும், இரவுக்கு அது கிடையாது.

எதற்கு அந்த 'கே'? பள்ளியில் கேட்டால், "அது சைலன்ட், மனப்பாடம் பண்ணு" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அது ஒரு காலத்தில் வாய் திறந்து பேசிய எழுத்து. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஏறக்குறைய 'க்னிஹ்ட்' என்று ஒலித்தது. நடுவிலுள்ள ஜி-எச்சும் தொண்டையை உரசிக்கொண்டு வரும். ஜெர்மன்காரர்கள் இன்றும் இரவை 'நாஹ்ட்' என்கிறார்களே, அந்த மாதிரி.

1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அச்சில் ஏறிய எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல இறுகிப்போனது. நாக்கு அதற்குக் கட்டுப்படவில்லை. ஜி-எச் உதிர்ந்தது, 'கே' உதிர்ந்தது, உயிரொலிகளும் இடம் மாறின. இறைச்சி, சந்திப்பு இரண்டும் 'மீட்' என்று ஒலிப்பது அப்படி வந்ததுதான். முன்பு இரண்டு நெடிலும் வேறு வேறு. எழுத்தில் ஒன்றுக்கு 'இ-ஏ'வும் மற்றதற்கு இரட்டை 'இ'யும் இருப்பது அதன் தடம்.

நமக்கு இது அந்நியமா என்ன? ஆற்றங்கரை, சட்டைக் கறை. பேசும்போது பெரும்பாலோருக்கு இரண்டும் ஒரே ஒலிதான், எழுதும்போதுதான் பேனா தயங்குகிறது. மலையாளத்தில் 'கர', 'கற' என்று இன்றும் தனித்தனியாகவே ஒலிக்கின்றன. நம் நாக்கு விட்டதை நம் எழுத்து விடவில்லை.

எண் இரண்டைக் குறிக்கும் 'டூ'வில் ஒரு டபிள்யூ சும்மா கிடக்கிறதே என்று தோன்றினால் ட்வின், ட்வைஸ், ட்வென்டி என்று சொல்லிப் பாருங்கள். அங்கெல்லாம் அது உயிரோடு இருக்கிறது. காதால் கேட்கும் 'ஹியர்' என்றால், எழுத்துக்குள்ளேயே 'இயர்', அதாவது காது, முழுசாக இருக்கும்.

கணினியின் பிழைதிருத்தியை இதில் அதிகம் நம்ப வேண்டாம். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்களாயிற்றே! ஒரு கல்லூரியில் பிரின்சிபல் அறைக் கதவில் பலகையைப் பார்த்தேன். கடைசி எழுத்துகள் மாறிப்போய், 'கொள்கையின் அறை' என்று பொருள் வந்திருந்தது. உள்ளே முதல்வர்தான் இருந்தார்.

ஊருக்கு ஊர் இது மாறவும் செய்யும். லண்டன் பக்கம் தொட்டுக்கொள்ளும் சாஸும், மூலம் என்ற பொருளில் வரும் சோர்ஸும் ஒரே ஒலி. நாம் 'ஆர்' எழுத்தை விடாமல் உச்சரிப்பதால் நமக்கு அந்தக் குழப்பம் இல்லை.

எனக்குப் பிடித்த ஜோடி 'ஃப்ளவர்'. பூவும் அதுதான், மாவும் அதுதான். மற்றவை இரண்டு சொற்கள் ஒன்றாக ஒலித்த கதை. இது ஒரே சொல் இரண்டான கதை. அரைத்த தானியத்தில் சலித்தெடுத்த நயமான பகுதியை அதன் 'பூ' என்றார்கள். மாவுக்குத் தனி எழுத்துக்கூட்டல் நிலைபெற்றது பிற்பாடுதான். அதுவரை ரொட்டி சுடுபவரும் பூ விற்பவரும் ஒரே சொல்லைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வணக்கம்.