ஆறாவது எபிசோடை விட்டுவிட்டுப் போகாதீர்கள்

வணக்கம் நண்பர்களே. ‘எஸ்கேப் அட் டானமோரா’ தொடரை மறுபடியும் பார்த்து முடித்த கையோடு பேசுகிறேன். ஆறாவது எபிசோடு வேகத்தைக் கெடுக்கிறது, நேராக ஏழாவதுக்குப் போய்விடலாம் என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

2015 ஜூனில் நியூயார்க் மாநிலத்தில் டானமோரா என்ற ஊரிலுள்ள கிளின்டன் சிறையிலிருந்து ரிச்சர்ட் மேட், டேவிட் ஸ்வெட் என்ற இரு கொலைக் கைதிகள் தப்பியதுதான் கதை. உறைய வைத்த இறைச்சிக்குள் ஒளிந்து வரும் ரம்பத் தகடுகள், இரவிரவாக அறுபடும் குழாய் என்று இயக்குநர் பென் ஸ்டில்லர் காட்டிக்கொண்டே போக, நாம் நம்மை அறியாமல் கைதிகள் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். ஐந்தாவது எபிசோடில் ஸ்வெட் அறையை விட்டு நழுவி, சுரங்கத்தின் வழியே மேன்ஹோல் வரை ஒத்திகை பார்ப்பதை எங்கும் வெட்டி ஒட்டியது தெரியாமல், ஒரே ஓட்டமாகக் கேமரா பின்தொடர்கிறது.

அந்தக் காட்சிக்காகவே எனக்குக் கோபம் வந்தது. நான் கட்டிய மாதச் சந்தா கைப்பேசிக்கு மட்டும்தானாம். அந்த இருட்டுச் சுரங்கத்தை உள்ளங்கை அகலத் திரையில் பார்த்தால் குழாய் எது, கை எது என்றே புரியவில்லை. தொலைக்காட்சியில் பார்க்க ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும் என்பதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டாமா? கடைசியில் அதையும் கட்டினேன். அந்தக் காட்சி அதற்குத் தகும்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். கார் கொண்டுவருவதாக வாக்களித்துவிட்டு வராமல் போகும் சிறைப் பணியாளர் டில்லியாக நடித்த பாட்ரிசியா ஆர்க்வெட்டுக்கு 2019-இல் கோல்டன் குளோப் விருது கிடைத்தது. அவர் வராததால்தான் இருவரும் காட்டுக்குள் நடக்கிறார்கள்.

இனி ஆறாவது. 2002-இல் ஸ்வெட் ஒரு ஷெரிஃப் துறைக் காவலரைச் சுட்டு, அவர் மேல் காரையும் ஏற்றியதை அது ஒளிக்காமல் காட்டுகிறது. அதைப் பார்க்காதவர்களுக்கு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்கள் காட்டைச் சல்லடையாகச் சலிப்பது வெறும் துரத்தலாகத்தான் தெரியும். கனடா எல்லைக்கு மிக அருகில் ஸ்வெட் சுடப்பட்டுப் பிடிபடும்போது ‘ஐயோ, தப்பியிருக்கலாமே’ என்று மனம் அடித்துக்கொள்ளும். பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

ஆகவே ஆறையும் ஏழையும் ஒரே இரவில் பாருங்கள். ஏழாவது ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும். சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு உட்காருங்கள்.