சேத்துல 21 கிலோமீட்டர்: ரோட்டு ஷூ போதுமா?

வணக்கம். சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதியில இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். ஏன்னா அதுக்குள்ளேயே மூணு கேள்வி இருக்கு. மொரிஷியஸ்ல எபேன்ல வேலை பாக்குற ஒரு தம்பி எழுதியிருக்கார். படிக்கிறேன்.

"அண்ணா, நாங்க ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர். சென்னையில இருந்தப்ப ரோட்டுல ஹாஃப் மாரத்தான் ஓடியிருக்கோம். வர்ற ஜூலையில பெத்ரென் பக்கம் காட்டுக்குள்ள 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் குடுத்திருக்கோம். மொத்த ஏத்தம் 700 மீட்டர்னு போட்டிருக்காங்க. முன்னாடி ஓடுனவங்க முழங்கால் வரைக்கும் சேறுன்னு பயமுறுத்துறாங்க. ரோட்டு ஷூ போதுமா? ரெண்டே கால் மணி நேரத்துல முடிச்சிடலாமா? நாலு பேரும் சேர்ந்தே ஓட முடியுமா?"

தம்பி, ஷூ போதாது. நேரமும் போதாது. சேர்ந்து ஓடலாம், ஆனா சில விஷயத்தை ஓட்டத்துக்கு முன்னாடியே பேசி முடிச்சிருக்கணும்.

முதல்ல அந்த மண்ணைப் புரிஞ்சுக்கங்க. ரோஸ் ஹில்ல வெயில் அடிச்சிட்டு இருக்கும், மேட்டுல இருக்குற குரேபீப் ஏறுனா தூறல். தென்கிழக்குக் காத்து கடல் ஈரத்தைக் கொண்டு வந்து மேட்டு நிலத்துல மோதுறதால ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் குளிர்காலத்துலேயும் அங்க ஈரம் காயறதில்ல. பெத்ரென் 600 மீட்டருக்கு மேல இருக்கு. மண்ணும் எரிமலைப் பாறை மக்கி வந்த களிமண். மணல் கலந்த சேறுன்னா ஷூவுல இருந்து உதிர்ந்துடும். களி உதிராது, அப்பிக்கும்.

ரோட்டு ஷூ அடிப்பாகத்துல இருக்குற வரிப்பள்ளம் ரொம்ப ஆழம் குறைவு. பத்து அடி வெச்சதும் அந்தப் பள்ளத்துல களி ரொம்பிடும். அதுக்கப்புறம் உங்க ஷூ அடி வழவழன்னு ஒரே தட்டு. சோப்புக் கட்டி மேல சோப்புக் கட்டியை வெச்ச மாதிரி. சேத்துக்கான ஷூவுல அடியில துருத்திக்கிட்டு இருக்குற குமிழ் 6 மில்லிமீட்டராவது உயரம் இருக்கணும். உயரத்தை மட்டும் பாத்து வாங்குறாங்க, அதுதான் தப்பு. குமிழுக்கும் குமிழுக்கும் நடுவுல இடைவெளி வேணும், உங்க சுண்டுவிரல் நுனி உள்ள போற அளவு. அப்பத்தான் ஒவ்வொரு தடவை கால் வளையும்போதும் களி தானா வெளிய விழும். நெருக்கமா குமிழ் வெச்ச ஷூ காஞ்ச பாதைக்கு நல்லது, இங்க அரை மணி நேரத்துல அடைச்சுக்கும்.

இன்னொண்ணு. கடையில தண்ணி புகாத ஷூன்னு கூடுதல் விலை சொல்வாங்க. வாங்காதீங்க. முழங்கால் ஆழச் சேத்துல தண்ணி மேல் வாய் வழியா உள்ள வரும், வெளிய போக வழி இருக்காது. கால்ல ஆளுக்கு ஒரு செம்புத் தண்ணியைக் கட்டிக்கிட்டு ஓடுற கதை. வலைத் துணி ஷூவே போதும், வந்த தண்ணி நாலு அடியில பிழிஞ்சு வெளியேறிடும்.

புது ஷூவைப் போட்டுக்கிட்டு நேரா போட்டிக்குப் போகாதீங்க. குறைஞ்சது ரெண்டு தடவை அதே ஷூ, அதே சாக்ஸ் போட்டு சேத்துல ஒரு மணி நேரமாவது ஓடிப் பாக்கணும். பயிற்சிக்கு இடம் தேட வேண்டாம், மழை பேஞ்ச மறுநாள் கரும்புக் காட்டு வண்டிப் பாதை நல்ல பள்ளிக்கூடம். ஆனா ஜூன்லேயே கரும்பு வெட்டு ஆரம்பிச்சிடும், லாரி வரும். தனியார் நிலமா இருந்தா அனுமதி கேட்டுட்டுப் போங்க.

சாக்ஸ் பருத்தி வேண்டாம். நனைஞ்ச பருத்தி சுருங்கி மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடத்துல கொப்புளம். மெல்லிய கம்பளி இல்லைன்னா செயற்கை நூல். விரல் இடுக்குலேயும் குதிகால்லேயும் வாசலைன் கனமா பூசுங்க. கால் நகத்தை ரெண்டு மூணு நாள் முன்னாடியே வெட்டிடுங்க, அன்னைக்குக் காலையில வெட்டுனா ஓரம் குத்தும்.

கயிறு கட்டுறதுல நிறைய பேர் கோட்டை விடுறாங்க. சேறு ஷூவை உருவிடும்னு பயந்து மொத்தமா இறுக்கிக் கட்டுவாங்க. எட்டு கிலோமீட்டர்ல பாதத்து மேல்பக்கம் மரத்துப் போகும். இறுக்கம் கணுக்கால்கிட்ட மட்டும்தான் வேணும். எல்லாத்துக்கும் மேல கூடுதலா ஒரு ஓட்டை இருக்கு பாருங்க, பலரும் அதைத் தொடறதே இல்லை. கயிறை அந்தப் பக்கத்துக் கீழ் ஓட்டையில இருந்து அதே பக்கத்து மேல் ஓட்டைக்குக் கொண்டு போய் சின்ன வளையம் விடுங்க. ரெண்டு பக்கமும் அப்படி விட்டு, எதிர்ப்பக்கக் கயிறை வளையத்துக்குள்ள நுழைச்சு இழுத்து முடிச்சுப் போடுங்க. குதிகால் பூட்டிக்கும், பாதம் சுதந்திரமா இருக்கும். முடிச்சு ரெட்டை. மிச்ச நுனியைக் கயிறுக்கு அடியில செருகிடுங்க, குச்சியில மாட்டாது.

சரி, ஓடுறது எப்படி? அடி சின்னதா வெக்கணும். காலை முன்னாடி நீட்டி வெச்சா வழுக்கும், இடுப்புக்கு நேர் கீழ விழணும். குதிகால் முதல்ல படாம மொத்தப் பாதமும் ஒரே சமயத்துல படணும். கை ரெண்டும் உடம்பை விட்டுக் கொஞ்சம் விலகி இருக்கட்டும். வரப்பு மேல தலைச்சுமையோட நடக்குறவங்க நடை ஞாபகம் இருக்கா? அதே நடைதான், கொஞ்சம் வேகமா.

கால் புதைஞ்சிடுச்சுன்னா பிடுங்காதீங்க. நாத்து நடுறவங்க யாரும் காலைப் பிடுங்க மாட்டாங்க. குதிகாலை லேசா அசைச்சுத் தூக்குவாங்க, அந்த இடைவெளியில காத்து உள்ள போனதும் சேறு பிடியை விட்டுடும். அப்புறம் விரலைக் கீழ்நோக்கி வெச்சு மேல எடுக்கணும். நேரா மேல இழுத்தா அடியில வெற்றிடம் உண்டாகி ஷூ அங்கேயே நிக்கும், கால் மட்டும் வரும்.

குட்டை வந்தா எல்லாரும் ஓரமாப் போவாங்க. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு காலுன்னு சொல்வாங்கள்ல, அதே கதி. ஓரம் சாய்வா இருக்கும், உள் தொடை நரம்பு இழுத்துக்கும். ஓரத்துல மிதிச்சு மிதிச்சுப் பாதையும் அகலமாகும், அந்தக் காடு தேசியப் பூங்கா, அங்க இருக்குற செடிங்கள்ல பலதும் வேற எங்கேயும் இல்லாத செடிங்க. நடுவுலேயே போங்க, அடி பெரும்பாலும் கெட்டியா இருக்கும். ஆழம் தெரியாத குட்டையில மட்டும் நடங்க.

அந்தக் காட்டுல சேத்தை விட மோசம் வேர். ஜூன், ஜூலையில நீங்கள்லாம் குயாவ் தெ சீன்ங்கிற சின்னச் சிவப்புக் கொய்யா பறிக்கப் போவீங்கள்ல, அந்தச் செடி வேர்தான் பாதை முழுக்க. நனைஞ்ச வேர் மேல காலே வெக்கக் கூடாது, தாண்டணும். வேற வழியில்லாம மிதிச்சா வேருக்குக் குறுக்கா நேரா மிதிங்க. சாய்வா மிதிச்சா அவ்வளவுதான். பாசி பிடிச்ச பாறைக்கும் அதே சட்டம்.

இறக்கத்துல பயந்து பின்னாடி சாய்வோம். சாஞ்சா பாரம் குதிகாலுக்குப் போகும், உக்காந்துடுவோம். முழங்காலை மடக்கி உடம்பைத் தாழ்த்தி குட்டி அடி. உங்க பாதை மக்காபே காடு வழியா ரிவியேர் நுவார் பக்கம் இறங்குதுன்னா அந்தச் செங்குத்து இறக்கத்துல ஓடவே ஓடாதீங்க, நடங்க. அங்க சேமிக்கிற மூணு நிமிஷத்துக்கு கணுக்காலைக் குடுக்க வேண்டாம்.

நேரக் கணக்கு. மலையோட்டக்காரங்க ஒவ்வொரு 100 மீட்டர் ஏத்தத்தையும் ஒரு கிலோமீட்டர் சமதரையாக் கணக்குப் போடுவாங்க. உங்களுக்கு 21 கூட 7, மொத்தம் 28. ரோட்டுல கிலோமீட்டருக்கு 6 நிமிஷம்னா 168 நிமிஷம், அதாவது 2 மணி 48 நிமிஷம். சேத்துக்கு இன்னும் 20 சதவீதம் சேருங்க. 3 மணி 20 நிமிஷத்துக்கிட்ட வந்துடும். சேறு நிஜமா முழங்கால்னா அதுக்கும் மேல. போட்டியில கடைசி நேர வரம்பு எவ்வளவுன்னு இப்பவே பாருங்க. கடிகாரத்துல கிலோமீட்டர் வேகத்தைக் காட்டுற பக்கத்தை அணைச்சிடுங்க, அது உங்களைத் தூண்டி விட்டு முதல் அஞ்சு கிலோமீட்டர்லேயே காலி பண்ணிடும். பக்கத்துல ஓடுறவர்கிட்ட முழு வாக்கியம் பேச முடியுதான்னு பாருங்க, அது போதும்.

மூணரை மணி நேரம்னா சாப்பாடு வேணும். மணிக்கு 30ல இருந்து 60 கிராம் மாவுச்சத்து, அரை லிட்டர் தண்ணி. குளிர்ல தாகம் தெரியாது, அதனால 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு வாய். சேத்துக் கையில மாவுச்சத்து ஜெல் பாக்கெட் கிழியாது. வீட்டுலேயே ஓரத்துல சின்னதா வெட்டு வெச்சுக் கொண்டு போங்க. கொட்டை எடுத்த பேரீச்சம்பழம், கடலை மிட்டாய்த் துண்டு இதெல்லாம் சின்ன உறையில போட்டா நேரா வாயில கொட்டிக்கலாம். காலையில ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி இட்லி. தால் பூரியை முடிச்சிட்டு வந்து சாப்பிடுங்க.

இப்ப நண்பர்கள் விஷயம். ஏத்தத்துல நாலு பேர்ல மெதுவா ஓடுறவர் முன்னாடி போகணும். வேகமானவர் முன்னாடி போனா பின்னாடி வர்றவர் மூச்சு வாங்க துரத்திக்கிட்டே இருப்பார், களைச்ச கால்தான் வழுக்கும். ஆளுக்கு ஆள் ரெண்டு மூணு மீட்டர் இடைவெளி விடுங்க. ஒட்டி ஓடுனா முன்னாடி இருக்குறவர் முதுகுதான் தெரியும், தரை தெரியாது. முன்னாடி போறவர் "வேர்", "பள்ளம்", "கல்லு"ன்னு குரல் குடுக்கணும், ஒவ்வொருத்தரும் பின்னாடி கடத்தணும். இறக்கத்துல அவரவர் வேகம், பாதை பிரியற இடத்துல சேர்ந்துக்கங்க. காத்திருக்கிறது அஞ்சு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா நனைஞ்ச உடம்பு நடுங்க ஆரம்பிக்கும், மேல் சட்டையை மாட்டிக்கங்க. யாருக்காவது அடிபட்டா ஒருத்தர் கூட இருக்கணும், ரெண்டு பேர் ஆள் கூப்பிடப் போகணும். அவசர ஆம்புலன்ஸ் 114. போனை ரெண்டு பிளாஸ்டிக் உறையில போட்டு, உள்ளேயே சின்னத் துணி ஒண்ணு வைங்க. சேத்து விரலுக்குத் திரை வேலை செய்யாது, அந்த நேரத்துலதான் தெரியும். விசில் ஒண்ணு, உடம்புச் சூடு போகாம காக்குற மெல்லிய படலப் போர்வை ஒண்ணு ஆளுக்கு.

ஓடி முடிச்சப்புறம் இருக்குறதுதான் நான் அழுத்திச் சொல்ல வர்றது. எலி மூத்திரம் கலந்த சேறு, தேங்குன தண்ணி வழியா எலிக்காய்ச்சல் வரலாம். தோல்ல கீறல் இருந்தா சுலபமா உள்ள போகும். முன்னாடியே இருக்குற காயத்துக்குத் தண்ணி புகாத பிளாஸ்டர் போடுங்க, ஓடைத் தண்ணி குடிக்காதீங்க, முடிச்ச உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்க. அஞ்சு லிட்டர் கேன் தண்ணி காருலேயே இருக்கட்டும். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆச்சான்னும் பாருங்க. எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு வரும், சில சமயம் ஒரு மாசம் வரைக்கும் ஆகும். காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்கால்ல கடுமையான வலி. இங்கதான் ஏமாறுவாங்க, ஓடுன வலின்னு நினைச்சிடுவாங்க. ஓடுன வலி நாலஞ்சு நாள்ல போயிடும். அதுக்கப்புறம் காய்ச்சலோட புதுசா கெண்டைக்கால் வலிச்சா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க, "காட்டுச் சேத்துல ஓடுனேன்"னு முதல் வாக்கியமாச் சொல்லுங்க. சொல்லலைன்னா டெங்குவோ ஃப்ளூவோன்னு பாதை மாறிப் போகலாம்.

ஷூவை அன்னைக்கே கழுவிடுங்க, களி காஞ்சா கல்லு. உள் அட்டையைத் தனியா எடுத்து, பழைய டூத் பிரஷ்ஷால குமிழ் இடுக்கெல்லாம் தேய்ங்க. அதுல ஒட்டியிருக்குற விதை அடுத்த காட்டுக்குப் போகக் கூடாது. வாஷிங் மெஷின்லேயோ வெயில்லேயோ போட்டா பசை விட்டுடும். பேப்பரைக் கசக்கி உள்ள திணிச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பேப்பர் மாத்தி, நிழல்ல வைங்க. குரேபீப் பக்கம் வீடுன்னா காய ரெண்டு நாளாவது ஆகும், ஃபேன் காத்துல வெச்சுடுங்க, இல்லைன்னா பூஞ்சை பிடிச்சிடும்.