நுரையீரல் பூஞ்சையை ரத்தத்தில் தேடுவது

வணக்கம் நேயர்களே. கீமோதெரபி எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் காய்ச்சல். ஆன்டிபயாடிக் கொடுத்து நாலைந்து நாளாகியும் இறங்கவில்லை, எக்ஸ்ரேயிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இது பூஞ்சையாக இருக்குமோ என்று அப்போது யாருக்காவது தோன்ற வேண்டும். தோன்றாமல் போகும் ஒவ்வொரு நாளும் அவருக்கு ஆபத்துதான்.

ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. இரண்டு மூன்று மைக்ரான் அளவுதான் என்பதால் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். நாம் எல்லோருமே தினமும் அதைச் சுவாசிக்கிறோம், வெள்ளணுக்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் வெள்ளணுக்கள் சரிந்தவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், கடுமையான ஃப்ளூவோ கோவிட்டோ வந்து ஐ.சி.யூ.வில் கிடப்பவர்கள் போன்றவர்களுக்கு அந்த வித்து முளைத்து, இழை விட்டு, ரத்தக் குழாய்க்குள்ளேயே புகுந்துவிடும்.

கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். சளியை ஆய்வகத்தில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்க (கல்ச்சர்) நாளாகும், நோய் இருந்தும் பலருக்கு அதில் எதுவும் வளராது. ரத்தத்தை அப்படிக் கல்ச்சர் செய்து பார்த்தால் ஆஸ்பர்ஜில்லஸ் அநேகமாக வருவதே இல்லை. சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்யலாமென்றால் பிளேட்லெட் குறைந்தவருக்கு ரத்தம் கசியும் பயம். அதனால்தான் பூஞ்சை வளரும்போது ரத்தத்தில் விட்டுச்செல்லும் பொருள்களைத் தேடுகிறோம்.

அதில் முக்கியமானது கேலக்டோமானன். ஆஸ்பர்ஜில்லஸின் செல் சுவரில் இருக்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலி. சிலருக்கு சி.டி. ஸ்கேனில் புள்ளி தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே இது ரத்தத்தில் காட்டிவிடும். சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், 0.5 என்ற குறியீட்டைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது, இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வெள்ளணுக்கள் ஓரளவு நன்றாக இருப்பவருக்கு நோய் இருந்தும் ரத்தத்தில் தெரியாமல் போகலாம், ஏனென்றால் அந்த அணுக்களே கேலக்டோமானனை அகற்றிவிடுகின்றன. அவர்களுக்கு நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் பார்ப்பதுதான் நம்பகமானது. பூஞ்சை மருந்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டிருந்தாலும் விடை மங்கிவிடும். நேர்மாறாக, ஒரு காலத்தில் பைபரசிலின் டாசோபாக்டம் என்ற ஆன்டிபயாடிக் ஏற்றியவர்களுக்கு நோயே இல்லாமல் பாசிட்டிவ் வந்தது. அந்த மருந்து பூஞ்சையிலிருந்து தயாரான பொருளை அடிப்படையாகக் கொண்டது என்பதால் வந்த குழப்பம், இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது.

அப்புறம் பீட்டா டி குளுக்கான். குதிரைலாட நண்டின் ரத்தம் உறையும் விதத்தைப் பயன்படுத்தி உருவான சோதனை இது. பல பூஞ்சைகளுக்குப் பொதுவான பொருளைத் தேடுவதால் பூஞ்சை இருக்கிறது என்று சொல்லும், எது என்று சொல்லாது. நியூமோசிஸ்டிஸ் என்ற இன்னொரு பூஞ்சையால் வரும் நிமோனியா சந்தேகத்தில் இது நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் நிம்மதியடையலாம். டயாலிசிஸ் செய்தவர்களுக்கும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்து ஏற்றியவர்களுக்கும் பொய்யாக ஏறலாம்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. கறுப்புப் பூஞ்சை என்று மக்கள் சொல்லும் மியூகார் வகை இந்த இரண்டு சோதனையிலும் சிக்காது. இரண்டும் நெகட்டிவ் என்று அமைதியாக இருந்துவிட்டால் அது பாட்டுக்குப் பரவும். ரத்தத்தில் அதன் டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். சோதனை இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் கிடைக்காது.

இதுவரை சொன்னது உடம்புக்குள் வேகமாகப் பரவும் நோய். மெதுவாக வருவதும் உண்டு, அதுதான் எனக்கு அதிக வருத்தம். காசநோய் குணமான பிறகு நுரையீரலில் ஏற்பட்ட குழியில் ஆஸ்பர்ஜில்லஸ் குடியேறும். மாதக்கணக்கில் இருமல், எடை குறைவு, சளியில் ரத்தம் எல்லாமே காசநோய் மாதிரியே இருக்கும். சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தும், மறுபடி காசநோய் மாத்திரையே கொடுக்கப்பட்டு அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே கேலக்டோமானனை ரத்தத்தில் தேடிப் பெரிய பயனில்லை. ஆஸ்பர்ஜில்லஸுக்கு எதிராக நம் உடம்பு உண்டாக்கும் ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருளைத்தான் பார்க்க வேண்டும். அது உயர்ந்திருந்து, ஸ்கேனில் குழியும் மூன்று மாதத்துக்கு மேல் தொந்தரவும் இருந்தால் சந்தேகம் வலுவாகிறது.

முன்பு காசநோய் வந்தவருக்கு இப்படி இருமல் திரும்பினால், பழைய எக்ஸ்ரேக்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பர்ஜில்லஸ் ஐ.ஜி.ஜி. பார்க்கலாமா டாக்டர் என்று தயங்காமல் கேளுங்கள்.