கண்ணும் காதும் கெடுமுன்னே

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆலய பரிபாலன சபையினரே, பாடசாலை அதிபர் அவர்களே, மழையையும் பாராது ஹட்டனிலிருந்து வந்திருக்கும் வைத்திய அதிகாரி அவர்களே, மாதர் சங்கத்துத் தாய்மாரே, எனக்குப் பொன்னாடை போர்த்திய இளைஞர் மன்றத்தாரே, அனைவருக்கும் வணக்கம். கண், காது ஆகிய இரண்டையும் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள்.

கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது முன்புறத்துக் கண்ணாடி போன்ற விழிவெண்படலமே. 1961இல் டாக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் வெளிநாடுகளுக்கும் அனுப்பிவருவது இந்தப் படலத்தைத்தான். பின்னால் உள்ள வில்லை, கிட்டப் பார்க்கும்போது தடித்துக் கொடுக்கிறது. நாற்பது வயதை ஒட்டி அது விறைத்துவிடுவதால்தான் ஊசியில் நூல் கோக்கும் கை தூரத் தூரப் போகிறது. அதற்குக் கண்ணாடி போதும். ஆனால், விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சீனி வருத்தம் ஓசையின்றி அரித்து, பார்வை மங்கிய பின்னரே தெரியவருமானால், அதற்கு நம் முன்னோர் சொன்னதுதான்: கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

காதுக்கு வருவோம். செவிப்பறையின் அதிர்வைச் சம்மட்டி, பட்டடை, ஏந்தி என்னும் மூன்று சிற்றெலும்புகள் உட்காதிலுள்ள நத்தைச்சுருளுக்குக் கடத்துகின்றன. ஏந்தியின் நீளம் சுமார் 3 மில்லிமீற்றர்தான். சுருளின் வாசற்பக்கம் கீச்சொலியையும், உச்சிப்பக்கம் கனத்த ஒலியையும் உணர்கின்றது. அங்கே ஒலியை உணரும் சுமார் 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. இடையறாத பேரிரைச்சல் முதலில் பதம்பார்ப்பது கீச்சொலிக்குரிய கலங்களையே.

எங்கள் பக்கத்தில் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை உருட்டும் ரோலர் அறையில் காலமெல்லாம் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். பேத்தியைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்து, தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் அமர்ந்திருக்கிறார்கள்; தேநீருக்குச் சீனி இல்லை. பாட்டி குசினியிலிருந்து, “ஓடிப் போய் சீனி வாங்கிட்டு வாங்க” என்றார். ‘ச’ என்பது கீச்சொலி. அது பெரியவர் காதில் விழவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனவர், அடுத்த லயத்திலிருந்து ஏணியொன்றைத் தோளில் சுமந்துகொண்டு, வந்தவர்களின் தலையில் இடிக்காமல் வளைத்து வளைத்து, வியர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தார். “கூரை ஒழுகுதா?” என்று சம்பந்தி எழுந்தே விட்டார். நீங்கள் சிரிக்கிறீர்கள், நல்லது, கல்யாணமும் நடந்தது. ஆனால் அவருடைய மயிர்க்கலங்கள் திரும்ப முளைக்கவில்லை, மனிதக் காதில் அவை முளைப்பதுமில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது காதுக்கு இன்னும் பொருந்தும்.

85 டெசிபெல் இரைச்சலில் நாளுக்கு எட்டு மணித்தியாலம் நின்றால், ஆண்டுகள் செல்லச் செல்லக் காது கெடும். ஆகவே இயந்திர அறையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் நிர்வாகமே காதுறை தரவேண்டும். ஆண்டுக்கொருமுறை செவிப் பரிசோதனையும் வேண்டும். கொழுந்தெடுக்கும் தாய்மாருக்குக் கண் பரிசோதனையைத் தோட்டத்திலேயே, சம்பளம் வெட்டாமல் நடத்தவேண்டும். இக்கோரிக்கைகள் அடங்கிய மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்ட பிறகு பிரசாதம் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி கொண்டுவராதவர்களுக்கு அதிபர் அவர்கள் வாசித்துக் காட்டுவார்.