கை அசைவதற்கு முன்னால்

வணக்கம் நேயர்களே. ‘நீ எடுக்கிற முடிவை உன் மூளை முன்பே எடுத்துவிடுகிறது, உனக்கென்று சொந்த விருப்பமே கிடையாது’ என்று யாராவது அடித்துப் பேசக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சைக் கிளறிப் பார்த்தால், பெரும்பாலும் அடியில் பெஞ்சமின் லிபெட் இருப்பார். சான் பிரான்சிஸ்கோவில் வேலை பார்த்த நரம்பியல் ஆய்வாளர். அவருடைய பெயர்பெற்ற சோதனை 1983-இல் வெளியானது.

தலையில் மின்முனைகளைப் பொருத்தி ஒருவரை உட்கார வைத்தார்கள். எதிரே கடிகாரம் போன்ற வட்டம்; அதில் ஓர் ஒளிப்புள்ளி 2.56 விநாடிக்கு ஒரு சுற்று சுற்றும். தோன்றும்போது மணிக்கட்டை மடக்கலாம். மடக்கத் தோன்றியபோது புள்ளி எங்கே இருந்தது என்று அப்புறம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். தோன்றியதாகச் சொன்ன நேரம், கை அசைவதற்குச் சுமார் 200 மில்லிவிநாடி முன்பு. மூளையின் மின் அலையோ சுமார் 550 மில்லிவிநாடி முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. அந்த அலையை ஜெர்மனியில் கோர்ன்ஹூபரும் டீக்கேயும் 1960-களிலேயே கண்டுபிடித்திருந்தார்கள்.

சரி, மூளை முந்திக்கொண்டதா? அந்த அலை எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். ஒரே ஓர் அசைவில் அது தெளிவாகத் தெரியாது, மற்ற மின்சலசலப்பில் மறைந்துவிடும். அதனால் பல அசைவுகளின் பதிவுகளை, கை அசைந்த கணத்தில் ஒன்றாகப் பொருத்தி, அங்கிருந்து பின்னோக்கிச் சராசரி எடுப்பார்கள். அலை ஏறியும் கை அசையாமல் போன நேரங்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. காலை நனைத்த அலைகளை மட்டும் படம்பிடித்துவிட்டு, கடல் நம் காலைக் குறிவைத்தே வந்தது என்று சொல்வதைப் போலத்தான்.

2012-இல் ஆரோன் ஷூர்கரும் உடன் ஆய்வாளர்களும் இந்த இடத்தில்தான் கை வைத்தார்கள். நாம் சும்மா இருக்கும்போதும் மூளையின் மின்செயல்பாடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ‘எப்போது வேண்டுமானாலும் அசை’ என்று சொல்லிவிட்டால், அந்த ஏற்றம் ஒரு வரம்பைத் தாண்டும்போது கை அசைகிறது என்றார்கள். தாண்டிய தருணங்களை மட்டும் சேர்த்துப் பின்னோக்கிச் சராசரி போட்டால், மெல்ல ஏறும் அலை தானாகவே வந்துவிடுகிறது. அப்படியானால் அரை விநாடிக்கு முன்பே எடுத்த முடிவு என்று ஒன்று இருக்க வேண்டியதில்லை; வரம்பைத் தாண்டும் கணம்தான் முடிவு. வாதம் ஓய்ந்துவிடவில்லை. ஆனாலும் எனக்கு இந்த விளக்கமே பொருந்தி வருகிறது.

லிபெட்டுக்கும் நியாயம் செய்ய வேண்டும். விருப்பம் என்பதே இல்லை என்று அவர் சொல்லவில்லை. எண்ணம் தோன்றிய பிறகும் அசைவைத் தடுக்க நேரம் இருக்கிறது என்றுதான் வாதிட்டார். அவரைக் காட்டி மற்றவர்கள் சொன்னதுதான் அதிகம்.

எப்போது மணிக்கட்டை மடக்கினால் யாருக்கு என்ன? 2019-இல் ஊரி மாவ்ஸும் லியாட் முட்ரிக்கும் உடன் ஆய்வாளர்களும் கனமான தேர்வைக் கொடுத்துப் பார்த்தார்கள்: இரண்டு தொண்டு நிறுவனங்களில் எதற்கு 1,000 டாலர் போக வேண்டும்? எதைத் தேர்ந்தாலும் இரண்டுக்கும் சமமாகப் பணம் போகும் என்றபோது அந்த அலை வழக்கம்போல எழுந்தது. தேர்வு உண்மையிலேயே பொருட்டாக இருந்தபோது அது ஏறக்குறைய காணாமலே போயிற்று.

நன்றி, வணக்கம்.