பூ மணக்கும், எத்தனை அடிக்கு?

நடுவர் அவர்களே, எதிரணிச் சான்றோர்களே, சபையோரே, வணக்கம். கொடுத்த நேரத்துல பாதியை வணக்கத்துலயே கழிச்சா எங்க அணி கவிழ்ந்துடும், அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

தொழில் வளரப் பெரிதும் துணை நிற்பது நேரில் சம்பாதித்த நல்ல பெயரா, சமூக வலைத்தளமா? வலைத்தளமேன்னு பேச வந்திருக்கேன்.

எதிரணித் தலைவர் ஐயா போற போக்குல ஒரு குத்து விட்டாரு. "பூக்கடைக்கு எதுக்கய்யா விளம்பரம்? சரக்கு நல்லா இருந்தா தானா மணக்கும். மணக்காதவன்தான் ஃபேஸ்புக்குல போய்க் கத்துவான்"னாரு. நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். தட்டி முடிச்ச பிறகுதான் யோசிச்சேன்.

ஐயா, பூ மணக்கும். ஒத்துக்கறேன். எத்தனை அடிக்கு மணக்கும்? பத்தடி. காத்து நம்ம பக்கம் அடிச்சா இருபதடி. காத்து திரும்பிட்டா? எதிர்த்த வீட்டுக்காரருக்கே தெரியாது. ஜலதோஷம் பிடிச்சவரு கூடை மேலயே தடுக்கி விழுந்தாலும் தெரியாது! சரி, பூ விக்கிறவங்களாவது ஐயா சொல்ற மாதிரி சும்மா உட்கார்ந்திருக்காங்களா? தண்ணி தெளிக்கிறாங்க. மாலையைத் தெருவைப் பார்த்துத் தொங்க விடறாங்க. போறவங்க வர்றவங்களையெல்லாம் "வாங்கக்கா, வாங்கண்ணே"ன்னு கூப்பிடறாங்க. பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம்னு முதல்ல சொன்னவரு யாரோ, எனக்குத் தெரியாது. ஆனா சத்தியமா அவரு பூ வித்தவரு இல்லை.

இன்னொண்ணும் இருக்கு. பூவுக்கு ஆயுசு சாயங்காலம் வரைக்கும். மணம் மெதுவா பரவி, ஆள் மெதுவா நடந்து வர்றதுக்குள்ள சரக்கு வாடிடும். நல்ல பெயர் மெல்லத்தான் வரும், பொறுமை வேணும்ங்கறாரு ஐயா. வட்டி மெல்லவா ஏறுது ஐயா?

சரி, பூவை விடுவோம். மணக்கவே மணக்காத ஒரு சரக்குக்கு வருவோம். மிக்சி.

அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல பிளெண்ட்டெக்னு ஒரு கம்பெனி. மிக்சி செய்யறவங்க. நிறுவனர் பேரு டாம் டிக்சன். அவருக்கு ஒரு பழக்கம். தன் மிக்சி எவ்வளவு தாங்கும்னு பார்க்க, அதுக்குள்ள மரக்கட்டையை விட்டு அரைப்பாரு. நல்லா கேளுங்க, மரக்கட்டை! விளம்பரத்தைக் கவனிக்கப் புதுசா சேர்ந்த ஜார்ஜ் ரைட்ங்கறவரு ஒரு நாள் வந்து பார்க்கறாரு, தரையெல்லாம் மரத்தூள். விசாரிச்சா, முதலாளி சோதனை பண்றாராம்.

நாமளா இருந்தா என்ன செஞ்சிருப்போம்? துடைப்பம் எங்கேன்னு கேட்டிருப்போம். அவரு கேமரா எங்கேன்னு கேட்டாரு. இது நடந்தது 2006-ல. யூட்யூப் பொறந்தே ஒரு வருஷம் சொச்சம்தான் ஆகியிருந்துது. வீடியோ எடுத்து அங்கே போட்டாங்க. செலவு சுமார் 50 டாலர். அதுல ஒரு வெள்ளைக் கோட்டு, ஒரு பை கோலிக்குண்டு, தோட்டத்துல இலை வாரற கம்பு ஒண்ணு. டிக்சன் கோட்டை மாட்டிக்கிட்டு விஞ்ஞானி மாதிரி நிக்கறாரு. ஒரே ஒரு கேள்வி: "இது அரைபடுமா?" கோலிக்குண்டைக் கொட்டறாரு. விர்ர்ர்ர்... கண்ணாடிப் பொடி. கம்பை விடறாரு. விர்ர்ர்ர்... கம்பைக் காணோம்.

அதோட விட்டாரா? 2007-ல ஐபோன் முதன்முதலா வந்துது. ஜனம் வரிசையில நின்னு வாங்கிட்டுப் போய் பஞ்சுல வச்சுப் பாதுகாக்குது. இந்த மனுஷன் அதைத் தூக்கி மிக்சிக்குள்ள போட்டாரு. (நடுவர் ஐயா சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கறாரு. உங்க போன் பத்திரமா இருக்குங்க.) விர்ர்ர்ர்... மூடியைத் திறந்தா கறுப்புப் பொடி, புகை வேற. 2010-ல ஐபேட் வந்துது. உள்ள நுழையல. விடுவாரா? மடக்கித் திணிச்சு அரைச்சாரு!

உலகம் வாயைப் பிளந்துது. விற்பனை பல மடங்கு ஏறிடுச்சுன்னு கம்பெனியே சொல்லுச்சு. ஐயாவோட பூக்கடைக்கு இங்கதான் பதில் இருக்கு. அந்த மிக்சி வீடியோவுக்கு முன்னாடியும் மரக்கட்டையை அரைச்சுது. அதே மோட்டார், அதே பிளேடு. ஆனா அன்னைக்கு வரைக்கும் அந்த அதிசயம் யாருக்குத் தெரியும்? தரையைப் பெருக்கறவருக்கு மட்டும்தான் தெரியும்! அதுவும் அவரு அதைப் பெருமையா சொல்லியிருக்க மாட்டாரு, திட்டிக்கிட்டேதான் சொல்லியிருப்பாரு.

அப்புறம் பேசின எதிரணி அம்மா, வாய்ச்சொல்லாலதான் பெயர் நிக்கும்னாங்க. அதையும் மிக்சியில போட்டுப் பார்ப்போம், அரைபடுமா? 2008-ல டேவ் கேரல்னு ஒரு கனடாப் பாடகர் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்துல போனாரு. கிட்டார் உடைஞ்சு போச்சு. மாசக்கணக்கா ஈடு கேட்டாரு, கொடுக்க மாட்டோம்னாங்க. 2009 ஜூலையில மொத்தக் கதையையும் பாட்டாக்கி யூட்யூப்ல போட்டாரு. லட்சக்கணக்குல பார்த்தாங்க. அதுக்கப்புறம்தான் கம்பெனி சமாதானம் பேச வந்துது. உடனே எதிரணியில சிரிக்காதீங்கம்மா, தெரியும், அங்கே பெயர் கெட்டுது. கெடுற இடம் அதுன்னா, காப்பாத்திக்கிற இடமும் அதுதானே? குறை சொல்லி எழுதினவருக்கு, நாலு பேர் பார்க்க, கோபப்படாம பதில் சொல்லி, பொருளை மாத்திக் கொடுக்கிற ஒரு வியாபாரியைப் பாருங்க. அந்த ஒரு பதிலைப் படிச்சுட்டு வாங்க வர்றவங்க எத்தனை பேர்! நேர்ல அதே சமாதானத்தைச் சொன்னா, கேட்டது ரெண்டு காதுதான்.

கடைசியா ஒரு தம்பி பயமுறுத்தினாரு. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூணும் சேர்ந்து படுத்துக்கிச்சே, ஞாபகம் இருக்கான்னாரு. இருக்கு தம்பி. சுமார் ஆறு மணி நேரம். உலகம் பூரா சின்ன வியாபாரிங்க தவிச்சாங்கன்னு நீங்களே சொன்னீங்க. ஏன் தவிச்சாங்க? அதாலதானே சோறு கிடைச்சுது! நான் சொல்ல வேண்டியதை நீங்க சொல்லிட்டீங்க, நன்றி. நடுவர் குறிச்சுக்கணும். (எல்லாத்தையும் ஒரே வலைத்தளத்துல வைக்காதேன்னு தம்பி சொன்னதுல நியாயம் இருக்கு. அதை நான் சத்தமா சொல்ல மாட்டேன்.)

முதல் மணி அடிச்சுட்டாங்க. ஒருத்தரைப் பத்திச் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா. பொறந்ததுலேர்ந்து காது கேட்காது, பேச்சும் வராது. கம்பளி நூல்ல பொம்மை பின்னுவாங்க. யானை, முயல், சின்னப் பிள்ளை. கண்ணு வச்சா நம்மளையே பார்க்கற மாதிரி இருக்கும். பையில போட்டுக்கிட்டு கடை கடையா ஏறினாங்க. எல்லா இடத்துலயும் கடைக்காரர் ஏதோ கேட்பாரு, இவங்க சைகையில சொல்வாங்க, அவருக்குப் புரியாது. கூட யாராவது போனா, கூட வந்தவங்க முகத்தைப் பார்த்துப் பேசுவாரு. பின்னினது இவங்க, பேச்சு பக்கத்துல நிக்கறவங்களோட. நேரடிப் பழக்கம், நேரடிப் பழக்கம்னு எதிரணி மூணு பேரும் மாறி மாறிச் சொன்னீங்களே, அந்த நேரடிப் பழக்கம் இந்த அக்காவைப் பார்த்த பார்வை இதுதாங்க.

அண்ணன் மகள் ஒரு பொம்மையைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமுல போட்டுச்சு. பல நாள் ஒண்ணும் வரல. ஒரு நாள் முன்பின் தெரியாத ஒரு அம்மா எழுதிக் கேட்டாங்க, "இந்த முயல் எந்தக் கடையில கிடைக்கும்?"னு. அக்கா யாரையும் கேட்கல. போனை வாங்கி, தானே ஒவ்வொரு எழுத்தா தட்டி அனுப்பினாங்க: "கடை நான்தான்."

விலை கேட்டாங்க, சொன்னாங்க. பேரம் பேசினாங்க, இவங்களும் பேசினாங்க. வாழ்க்கையில முதல் தடவையா பேரம் பேசினாங்க நடுவர் அவர்களே! அந்தப் பக்கத்து அம்மாவுக்கு இவங்களுக்குக் காது கேட்காதுங்கறது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் வரல. இன்னைக்கு உதவிக்கு ரெண்டு பேரை வச்சுப் பின்னறாங்க.

ரெண்டாவது மணி. முடிச்சுட்டேன். ஒரே ஒரு விண்ணப்பம். தீர்ப்பை எந்தப் பக்கம் வேணும்னாலும் சொல்லுங்க ஐயா, ஆனா வாயால சொல்றதோட நிறுத்திடாதீங்க. நாலு வரி எழுதியும் போடச் சொல்லுங்க. அந்த அக்கா படிக்கணும். வணக்கம்.